புதிதாகப் பழகுபவருக்கு ஒரு லேசான மூங்கில் வில்

வில் செய்ய வேண்டும் என்று வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எவ்வளவு தூரம் போகும்?" என்பதுதான். பழக ஆரம்பிக்கிறவருக்கு அந்தக் கேள்வியே வேண்டாம். பத்து மீட்டர் தள்ளி வைத்த வைக்கோல் கட்டில் அம்புகள் ஒரு சாணுக்குள் சேர்ந்து விழ வேண்டும், ஒரு மணி நேரம் எய்த பிறகும் தோள் நடுங்கக் கூடாது, முதல் சில மாதங்களுக்கு இவ்வளவுதான் வேலை. இழுக்க முடியாத வில்லைக் கையில் கொடுத்தால் உடம்பு தானாகக் குறுக்குவழி தேடும்: தோள் மேலே ஏறும், இடுப்பு பின்னால் சாயும், நாண் முகத்துக்கு வருவதற்குப் பதில் முகம் நாணைத் தேடிப் போகும். அந்தக் கோணல் ஒருமுறை படிந்துவிட்டால் அதை எடுப்பது வில் செய்வதைவிடக் கஷ்டம். அதனால் இங்கே சொல்வது லேசான வில் மட்டும்.

லேசு என்பதில் இரண்டு கணக்கு இருக்கிறது. கையில் தூக்கிப் பிடிக்கும் எடை ஒன்று. நாம் செய்யப்போகிற வில் முடிந்தபின் 400 கிராம் சுற்றி வரும், பிள்ளைகளுக்கானது அதில் பாதிக்கும் கீழே. நாணை இழுக்கும்போது விரலில் ஏறும் எடை இன்னொன்று, இதைத்தான் எய்கிறவர்கள் வில்லின் எடை என்பார்கள், கணக்கும் பவுண்டில்தான் ஓடும். 8 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 15 பவுண்டு, அதற்கு மேல் பள்ளிக்கூட வயதுக்கு 15 முதல் 20, பெரியவர்கள் தொடங்க 20 முதல் 25. இருபது பவுண்டு என்றால் ஏறக்குறைய 9 கிலோ. "வெறும் ஒன்பதா, நான் 25 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் போட்டு வருகிறேனே" என்று சிரிக்கிறவர்கள் அந்த ஒன்பதை மூன்று விரலில் இழுத்து, அசையாமல் பிடித்து, ஒரு சாயங்காலத்தில் அறுபது எழுபது தடவை விட்டுப் பார்க்கட்டும்.

மூங்கில் வில் என்றதும் விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் வில்வித்தைப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்டு' என்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது, மூங்கில் வில்லால் 50 மீட்டரும் 30 மீட்டரும் எய்ய வேண்டும். மூன்று ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடி 2012ல் பத்மஸ்ரீ வாங்கிய ராஜஸ்தானின் லிம்பா ராம் சின்ன வயதில் பழகியது மூங்கில் வில்லில்தான்.

எந்த மரம்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் வில் என்றால் முதலில் கண்ணில் வருவது வில்லுப்பாட்டு வில். கோயில் கொடையில் குடத்தோடு சேர்த்துக் கட்டி, மணிகள் குலுங்க வீசுகோலால் அடிக்கிற அந்தப் பெரிய வில்லைப் பனையில் செய்வது பழைய வழக்கம். அதைப் பார்த்துவிட்டு, வீட்டு மச்சில் கிடக்கும் பழைய பனங்கையில் எய்கிற வில்லும் செய்துவிடலாமே என்று தோன்றும். முடியாது என்றில்லை, நியூகினியில் பனை இனத்து மரத்தில்தான் வில் செய்கிறார்கள். ஆனால் வைரம் பாய்ந்த பனையின் கறுப்பு நார் இழைப்புளியைச் சீக்கிரம் மழுங்கடிக்கும், சிலாம்பு ஏறினால் இரண்டு நாளைக்குக் கை வலிக்கும், கனமும் அதிகம். முதல் வில்லுக்கு வேண்டாம். உடைமரமும் சீமைக்கருவேலும் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஐந்தடிக்கு நேராகக் கிடைக்காது. வேம்பிலும் புளியிலும் இழை முறுக்கிக்கொண்டு ஓடும், சவுக்கு காய்ந்தால் வெடிக்கும், தேக்கு கதவு நிலைக்கே இருக்கட்டும். நிஜமாகவே வில்லுக்கென்று பிறந்த மரம் ஒன்று நம் மலையில் உண்டு, சடச்சி என்றும் தடசு என்றும் சொல்வார்கள், வண்டி ஏர்க்காலுக்கும் கருவிப் பிடிக்கும் தேடி வாங்குகிற மரம், வளைத்தால் வளைந்து விட்டால் நிமிரும். மரக்கடையில் நேரான இழையோடு ஒரு துண்டு கண்ணில் பட்டால் விடாதீர்கள், இங்கே சொல்லும் அளவும் முறையும் அதற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

மற்றவர்களுக்கு மூங்கில். விலை குறைவு, வெளித்தோல் பக்கம் நார் நெருக்கமாக ஓடுவதால் இழுவையைத் தாங்கும், எடையும் இல்லை. முள்மூங்கில், கல்மூங்கில் இரண்டுமே ஆகும். கல்மூங்கில் உள்ளே கிட்டத்தட்ட கெட்டியாக இருக்கும், சிலம்பக் கம்பும் தடியும் செய்கிற வகை. பருமனான கழி கிடைப்பது மட்டும்தான் சிரமம். முள்மூங்கில் பருமனானது, அடிப்பக்கம் சுவர் நல்ல தடிமனாக இருக்கும், நமக்கு அதுதான் வசதி.

பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு என்று மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குக் கண் முன்னாலேயே மூங்கில் புதர் தெரியும். தொடாதீர்கள். 1988ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமாக அறிவித்த காடு அது, ஒரு கழி வெட்டினாலும் வழக்குதான். பட்டா நிலத்தில் வளர்ந்தது வேறு கதை, 2017ல் வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள், நிலத்துக்காரர் சம்மதித்தால் போதும். அதுவும் இல்லையென்றால் ஏணிக்கும் பந்தலுக்கும் கழி விற்கிற கடை டவுணிலும் பாளையங்கோட்டையிலும் அம்பையிலும் இருக்கும். கடைக்காரரிடம் வில் என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார், "அண்ணாச்சி, ஏணிக்கு எடுக்கிற மாதிரி அடிக்கம்பு காட்டுங்க, சுவர் கனமா இருக்கணும், ஆறடி நேரா இருந்தாப் போதும்" என்று கேளுங்கள், சரியான குவியலுக்குக் கூட்டிப் போவார்.

எடுக்கும்போது மூன்று பார்க்க வேண்டும். வயது முக்கியம், மூன்று நான்கு வருஷம் முற்றிய கழி வேண்டும். இளங்கழியில் கணுவை ஒட்டி வெள்ளைப் பொடி படிந்திருக்கும், பச்சை பளபளக்கும். முற்றியதில் பச்சை மங்கி, திட்டுத்திட்டாகப் பாசி படர்ந்த தடம் இருக்கும், தட்டினால் கணீர் என்று கேட்கும். அடுத்தது பருமன், குறுக்கே 9 முதல் 10 செ.மீ., சுவர் ஒன்றரை செ.மீ.க்குக் குறையாமல். சின்னக் கழியில் பட்டை வெட்டினால் வில்லின் முதுகு, அதாவது வெளித்தோல் பக்கம், ரொம்ப உருண்டையாக வந்து, இழுவை எல்லாம் நடுவில் ஒரு கோட்டில் விழும். கடைசியாக வண்டு. கணுப்பக்கம் குண்டூசித் துளையும் மாவு மாதிரி தூளும் தெரிந்தால் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

அளவு

எய்யப்போகிறவரை நிற்கவைத்து இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி, நடுவிரல் நுனியிலிருந்து நுனி வரை அளந்துகொள்ளுங்கள். அதை இரண்டரையால் வகுத்தால் அவர் நாணை எவ்வளவு பின்னுக்கு இழுப்பார் என்பது வந்துவிடும். 165 செ.மீ. விரிப்பு என்றால் 66 செ.மீ., அதாவது 26 அங்குலம். முழுக்க மூங்கிலான வில் இழுப்பைப் போல இரண்டரை மடங்கு நீளம் இருந்தால் நோகாமல் வளையும். இரண்டு கணக்கையும் சேர்த்தால் வில்லின் நீளமும் கைவிரிப்பும் ஒன்றுதான். பிள்ளைக்கு 130 செ.மீ. விரிப்பு என்றால் வில்லும் 130. இதைவிடக் குட்டையாகச் செய்தால் பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் இழுப்பின் கடைசிப் பகுதியில் திடீரென்று கனம் ஏறும், விரலை நாண் கிள்ளும், முறியவும் வாய்ப்பு அதிகம். நீளமான வில் மந்தமானது என்பார்கள். மந்தமாகவே இருக்கட்டும், பழகுகிறவரின் சின்னச் சின்னத் தப்பை மன்னிப்பது அதுதான்.

165 செ.மீ. வில்லுக்குக் கைப்பிடி பக்கத்தில் அகலம் 38 மி.மீ., அங்கிருந்து நேர்கோடாகக் குறைந்து நுனியில் 12 மி.மீ. இப்படி முக்கோணமாக அகலம் குறைந்தால் தடிமனை முழு நீளத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவாக வைத்துக்கொள்ளலாம், புதிதாகச் செய்கிறவருக்கு இது பெரிய நிம்மதி. 13 மி.மீ. தடிமனில் தொடங்குங்கள், 20 பவுண்டுக்கு முடியும்போது 9, 10 பக்கம் வந்து நிற்கும். பிள்ளைகள் வில்லுக்கு அகலம் 30, முடிவுத் தடிமன் 7 அல்லது 8. இது தோராயம்தான், ஒரு மூங்கில் மாதிரி இன்னொன்று இருக்காது.

தடிமன் விஷயத்தில் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் இதிலிருந்து வருவதுதான். அகலத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் வில்லின் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். தடிமனில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் கால் பங்குக்கு மேல் போய்விடும், விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால் வரும் வினை. 10 மி.மீ. தடிமனில் 20 பவுண்டு இழுக்கும் வில்லை முழு நீளத்துக்கும் ஒரே ஒரு மில்லிமீட்டர் சீவிவிட்டால் பதினாலரைப் பவுண்டு ஆகிவிடும். கனமான வில்லில் ஒரு சீவல் கூடக்குறைய இருந்தால் தெரியாது. லேசான வில்லில் தெரியும். அதனால்தான் லேசான வில் செய்வது சுலபம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை.

பிளப்பதும் காய்வதும்

கழியை வில்லைவிட ஒரு சாண் நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டரிவாளை முனையில் வைத்து மரச்சுத்தியால் தட்டி நடுவில் பிளந்து, பாதியை மறுபடி பிளந்தால் 7 செ.மீ. சுற்றி அகலமுள்ள பட்டைகள் கிடைக்கும். பிளவு ஒரு பக்கமாக ஓடினால், தடித்துப் போகிற பக்கத்தை அழுத்தி வளைத்துக்கொண்டு தட்டுங்கள், நடுவுக்குத் திரும்பும். கூடை பின்னுகிறவர்கள் வேலை செய்வதை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு இது புரியும். புதிதாகப் பிளந்த மூங்கிலின் ஓரம் பிளேடுக்குச் சமம், ஓரத்தை முதலில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அப்புறம் கையில் எடுங்கள்.

பச்சை மூங்கில் என்றால் பட்டைகளைக் கட்டி ஓடுகிற வாய்க்காலில் இரண்டு மூன்று வாரம் கல்லை ஏற்றி மூழ்க வைப்பது நல்லது, உள்ளேயிருக்கும் மாவுச்சத்து கரைந்து போனால் வண்டு நாடாது. நாற்றம் வரும், துணி துவைக்கிற படித்துறைக்குக் கீழ்ப்பக்கமாகப் போடுங்கள், ஊரில் ஏச்சு வாங்க வேண்டாம். பிறகு நிழலில் காயட்டும். தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும் என்று ஆசைப்படாதீர்கள், நம் ஊர்ச் சித்திரை வெயில் ஒரு பக்கத்தை மட்டும் உறிஞ்சிப் பட்டையை முறுக்கிவிடும். தார்சாவில் (வீட்டு முன்கூடத்தில்) பரண் மாதிரி கயிறு கட்டிப் போட்டு, வாரம் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். எடை இறங்குவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது, இரண்டு மூன்று மாதம் ஆகும். குற்றாலச் சாரல் அடிக்கிற ஆனி ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கும், ஐப்பசி மழையில் எல்லோருக்கும் இது இழுக்கும். ஈரம் இருக்கும்போது வளைத்த மூங்கில் வளைந்தபடியே தங்கிவிடும், அதனால் அவசரம் கூடாது.

காய்ந்த பட்டைகளில் நேரானதைத் தேர்ந்தெடுங்கள். கைப்பிடி இரண்டு கணுவுக்கு நடுவிலோ சரியாக ஒரு கணுவிலோ விழுகிற மாதிரி, இரண்டு பக்கமும் கணுக்கள் ஏறக்குறைய சம தூரத்தில் வருகிற மாதிரி நீளத்தைக் குறியுங்கள். லேசான கோணலை அடுப்புக்கரி அனலில் வாட்டி, முழங்காலில் வைத்து நிமிர்த்தலாம். பிளக்காத முழுக்கழியை மட்டும் அனலில் காட்டாதீர்கள், கணுவுக்குள் அடைபட்ட காற்று வெடிக்கும்.

இனி எந்தப் பக்கம் எது என்பதைப் பென்சிலால் எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். பச்சைத்தோல் இருந்த வெளிப்பக்கம் வில்லின் முதுகு, அது குறியைப் பார்த்திருக்கும். உள்பக்கம் வயிறு, அது எய்கிறவரைப் பார்த்திருக்கும். இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. நீள்கிற பக்கத்தில் ஒரு நார் அறுந்தாலும் அங்கிருந்துதான் முறிவு தொடங்கும். ஆகவே முதுகில் அரமும் இழைப்புளியும் படவே கூடாது, கணு மேட்டை மட்டும் உப்புத்தாளால் மெதுவாகத் தடவிச் சமப்படுத்தலாம். சீவுவதெல்லாம் வயிற்றுப் பக்கமும் ஓரங்களும்தான்.

அடிப்பக்கமும் நுனிப்பக்கமும் சுவர்த் தடிமன் வேறாக இருக்கும் இல்லையா, கனமான அடிப்பக்கம் வில்லின் கீழ்ப்பாதி ஆகட்டும். உட்குழிவைச் சீவித் தட்டையாக்கி 13 மி.மீ. தடிமனுக்குக் கொண்டுவந்து, முதுகில் நடுக்கோடு போட்டு, அகல அளவைக் குறித்து ஓரங்களை இறக்குங்கள். ஓரத்தைக் கூராக விடாமல் உருட்டிவிடுங்கள்.

பெரியவர் வில் என்றால் நடுவில் வயிற்றுப் பக்கம் 18 செ.மீ. நீளம், 3 செ.மீ. கனமான ஒரு கட்டையை ஒட்ட வேண்டும். பூவரசு, வாகை, எது கையில் இருக்கிறதோ அது. அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர்கள் சொப்புச் சாமான் கடைகிற பட்டறையில் கேட்டால் மிச்சத் துண்டு தருவார்கள். ஒட்டும் இரண்டு முகமும் தட்டையாக இருக்க வேண்டும், உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி அரால்டைட் பசை போட்டு, கிளாம்ப் வைத்து ஒரு நாள் விடுங்கள். கட்டையின் இரண்டு முனையும் சரிவாக இறங்கி மூங்கிலோடு கலக்கட்டும், படி மாதிரி நின்றால் வளையும்போது அங்கேதான் பிரியும். பிள்ளைகள் வில்லுக்குக் கட்டையே வேண்டாம், நடுவில் பருத்திக் கயிறு சுற்றினால் போதும், வில் முழுவதுமே வளையட்டும்.

நுனியிலிருந்து 2 செ.மீ. தள்ளி இரண்டு ஓரத்திலும் நாணுக்குக் காடி வெட்டுங்கள், கைப்பிடியைப் பார்த்துச் சரிந்த மாதிரி, வட்ட அரத்தால். முதுகின் குறுக்கே காடி போகக் கூடாது.

வளைவைப் பழக்குவது

வில் உருவாவது இங்கேதான், இதற்கு முன்னால் செய்ததெல்லாம் தச்சு வேலை. இரண்டு பாதியும் ஒரே மாதிரி வளைய வேண்டும், ஒவ்வொரு பாதிக்குள்ளும் வளைவு ஓரிடத்தில் குவியாமல் பரவ வேண்டும், கைப்பிடியும் கடைசி ஒரு சாணும் மட்டும் விறைப்பாக இருக்கலாம்.

முதலில் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, கைப்பிடியை அழுத்தி எங்கே வளைகிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்று பாருங்கள். மறுபாதியையும் அப்படியே. முரண்டு பிடிக்கிற இடத்தில் வயிற்றைச் சீவி, இரண்டும் ஓரளவு சமமாக வந்ததும் நாண் மாதிரி ஒரு கெட்டிக் கயிற்றைத் தளர்வாகக் கட்டி, வில்லைச் சுவரில் ஏற்றலாம். புறவாசல் சுவரில் ஆளுயரத்தில் ஒரு கட்டையை அடித்து அதன் மேல் கைப்பிடியை உட்கார வையுங்கள். நேர் கீழே தரையோரத்தில் ஒரு கிணற்றுக் கப்பி. நாணின் நடுவில் பை நிறுத்துகிற டிஜிட்டல் தொங்கு தராசை மாட்டி, தராசிலிருந்து கயிற்றைக் கப்பி வழியாக எடுத்து, பத்தடி தள்ளி நின்று இழுங்கள். இப்படிச் செய்தால் வில் உங்கள் முகத்துக்கு முன்னால் முறியாது, எவ்வளவு எடை ஏறுகிறது என்பதும் தெரியும், தூரத்திலிருந்து பார்ப்பதால் வளைவும் முழுசாகக் கண்ணுக்குப் படும். சுவரில் படுக்கைக் கோடுகளைக் கரியால் கிழித்துவிட்டால் எந்த நுனி அதிகம் இறங்குகிறது என்று சண்டையே வராது. போனில் ஒரு படம் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது இன்னும் நல்லது, நேராகப் பார்க்கும்போது ஏமாற்றுகிற கண் தலைகீழாகப் பார்த்தால் ஏமாறாது.

இழுப்பதற்கு ஒரு விதி: நீங்கள் நினைத்திருக்கும் எடைக்கு மேல் ஒரு தடவைகூட இழுக்காதீர்கள். 20 பவுண்டு வில் என்றால் தராசு 9 கிலோ காட்டியதும் நிறுத்திவிட வேண்டும், அப்போது நாண் நாலே அங்குலம்தான் வந்திருக்கிறது என்றாலும் சரி. சீவுங்கள், மறுபடி 9 கிலோ வரை இழுங்கள், இப்போது ஆறு அங்குலம் வரும். இப்படியே எடையை அப்படியே வைத்துத் தூரத்தை நீட்டிக்கொண்டு போவதுதான் வேலை. ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் இருபது முப்பது தடவை லேசாக இழுத்து விட்டால்தான் மூங்கில் அந்த மாற்றத்தை வெளியே காட்டும். சீவியதும் உடனே பார்த்துவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று இன்னும் நாலு சீவல் எடுப்பதால்தான் பல வில்கள் வீணாகின்றன. இழுத்த நிலையிலேயே கயிற்றைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போகவும் கூடாது, பார்க்கிற அளவுக்கு இழு, விடு.

எங்கே சீவுவது என்று கண்ணால் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன உபகரணம். ஆறு அங்குல நீளத்தில் நேராக இழைத்த மரத்துண்டின் நடுவில் துளை போட்டு ஒரு பென்சிலை இறுக்கமாகச் செருகுங்கள். வில் பாதி வளைந்த நிலையில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்க, இன்னொருவர் அந்தத் துண்டை வயிற்றோடு ஒட்டி நகர்த்திப் பார்க்க வேண்டும். எங்கே அதிகம் வளைந்து இடைவெளி பெரிதாக இருக்கிறதோ அங்கே பென்சில் தொடாத அளவுக்கு அதை அமைத்துக்கொண்டு, கைப்பிடியிலிருந்து நுனி வரை இழுத்துக்கொண்டே போனால், விறைப்பான இடங்களில் பென்சில் தானாகக் கோடு போடும். கோடு விழுந்த இடத்தில் மட்டும் சீவினால் போதும். கணுக்களில் கோடு அடிக்கடி விழும், அங்கே அளவாகக் கை வையுங்கள்.

ஒரு இடம் தனியாக மடிகிற மாதிரி அதிகம் வளைந்தால் அந்த இடத்தைத் தொடாதீர்கள். அதன் இரண்டு பக்கத்தையும் சீவி அதற்குச் சமமாகக் கொண்டுவர வேண்டும், எடை கொஞ்சம் குறையும், குறையட்டும்.

நாண் பத்து அங்குலம் வரை சீராக வரத் தொடங்கியதும் சரியான நாணை ஏற்றலாம், முதலில் கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவே 8 செ.மீ. இடைவெளியோடு, பிறகு 15 செ.மீ. இந்தக் கட்டத்திலிருந்து இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு அரமும் உப்புத்தாளும்தான். மேல்பாதி கீழ்ப்பாதியைவிட ஒரு நூல் அதிகம் வளையட்டும், நாணேற்றிய நிலையில் கைப்பிடிக் கட்டையின் இரு முனைக்கு நேராக நாண் வரை அளந்தால் மேலே 3 முதல் 5 மி.மீ. அதிகம் காட்டினால் சரி. முழு இழுப்புக்கு ஒன்றரை அங்குலம் இருக்கும்போதே நிறுத்துங்கள். மீதியை எய்து பழகும்போது வில் தானாகத் தரும். கடைசியில் ஒன்றிரண்டு பவுண்டு மட்டும் குறைக்க வேண்டும் என்றால் வயிற்றைத் தொடாமல் ஓரத்தில் குறையுங்கள், காரணம் மேலே சொன்ன கணக்கு. எடை குறைந்துபோய்விட்டால் இரண்டு நுனியிலும் இரண்டரை செ.மீ. வெட்டிப் புதுக் காடி போட்டால் பத்து சதவீதம் போல ஏறும். அதற்கு மேல் வெட்டி மீட்கப் பார்க்காதீர்கள், அந்த வில்லை வீட்டில் சின்னப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த பட்டையை எடுங்கள்.

நுனிகளைக் கடைசியில் மெலியுங்கள். நாணை விட்டதும் அதிக வேகத்தில் ஓடுவது நுனிதான், அங்கே இருக்கும் ஒவ்வொரு கிராமும் அம்புக்குப் போக வேண்டிய சக்தியைத் தின்னும், மீதியைக் கையில் உதறலாகக் கொடுக்கும். 20 பவுண்டு வில்லில் சக்தியே கொஞ்சம்தான், அதை நுனிக்குத் தானம் பண்ண முடியாது. கடைசி 15 செ.மீ. ஒரு சுண்டுவிரல் அகலத்துக்கு வரும்வரை ஓரத்தைக் குறைக்கலாம்.

நாணும் பூச்சும்

ஒரு காலத்தில் மருள் நாரை முறுக்கி நாண் செய்தார்கள், இன்றும் நம் வேலியோரங்களில் அந்தச் செடி உண்டு, ஆசையிருந்தால் தனியாக முயன்று பாருங்கள். பழகுவதற்கு டேக்ரான் நூல் வாங்குங்கள், பாலியெஸ்டர்தான் அது, வில்வித்தைச் சாமான் விற்கிறவர்களிடம் பி-50 என்று கேட்டால் கொடுப்பார்கள். எட்டு இழை போதும். நைலான் ரப்பர் மாதிரி நீளும், வேண்டாம். கொஞ்சமும் நீளாத புதுவகை நூல்களும் மரவில்லுக்கு ஆகாது, ஒவ்வொரு அடியும் நேராக நுனியில் இறங்கும். பலகையில் இரண்டு ஆணி அடித்து நூலைச் சுற்றி, இரண்டு முனையிலும் கண்ணி வைத்து, தேன்மெழுகு தேயுங்கள். நாணின் நீளம் காடிக்குக் காடி உள்ள தூரத்தைவிட 7, 8 செ.மீ. குறைவு. விரல் படும் நடுப்பகுதியில் இன்னொரு நூலை நெருக்கமாகச் சுற்றி, அம்பு உட்காரும் இடத்துக்கு ஒரு முடிச்சு, கைப்பிடியின் மேல் விளிம்புக்கு நேரான மட்டத்திலிருந்து ஒரு செ.மீ. மேலே.

பூச்சுக்குப் பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் கிடைக்கும், துணியால் மெல்லிசாகத் தேய்த்து உலரவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், அது உலராது, பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். வார்னிஷ் அடித்தாலும் சரிதான், மழைக்காலத்து ஈரம் ஏறாமல் இருந்தால் போதும்.

அம்பும் இடமும்

அம்பை நீங்களே செய்வது இன்னொரு பெரிய வேலை, முதல் அரை டஜனை விலைக்கு வாங்கிவிடுங்கள், ஆறும் ஒரே எடை, ஒரே விறைப்பு. உங்கள் இழுப்பைவிட ஐந்து செ.மீ.யாவது நீளம் வேண்டும், குட்டையான அம்பு கைக்குள் விழுந்துவிடும். 20 பவுண்டு வில்லுக்கு ஒவ்வொரு அம்பும் 13 கிராமுக்குக் குறையக் கூடாது, அதற்கும் லேசானால் வில்லின் சக்தி அம்புக்குள் போகாமல் வில்லுக்கே திரும்பும். அம்பே இல்லாமல் இழுத்து விடுவது அதைவிட மோசம், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வில்லைக் கையில் வாங்கியதும் செய்கிற முதல் காரியம் அதுதான், வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சணல் சாக்கில் பழைய துணியைத் திணித்து, வைக்கோல் கட்டின் முன்னால் சாத்தி, அதற்குப் பின்னால் சுவரோ மண்மேடோ இருக்கிற இடத்தில் மட்டும் எய்யுங்கள். தோட்டத்தில் எய்கிறவர்களுக்கு மயில் ஒரு சோதனை, அதிலும் பையன்கள் கையில் வில் இருந்தால். தேசியப் பறவை, 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பயிரைத் தின்கிறது என்ற சமாதானமெல்லாம் அங்கே எடுபடாது. முயலுக்கும் காட்டுப்பன்றிக்கும்கூட இந்த வில்லைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. முன்கையில் தோல் பட்டை கட்டாமல் பிள்ளைகளை எய்ய விடாதீர்கள், நாண் ஒரு தடவை முழங்கைக்குள் அடித்தால் அடுத்த நாள் வில்லைத் தொட மாட்டார்கள்.

எய்து முடித்ததும் நாணைக் கழற்றி, வில்லைச் சுவரில் இரண்டு ஆணி மேல் படுக்க வையுங்கள். மூலையில் சாய்த்து நிறுத்தினால் ஒரு பாதி மட்டும் வளைந்து பழகும், காரின் பின்சீட்டில் வெயிலில் விட்டால் கைப்பிடிப் பசை இளகும். கொஞ்ச நாளில் நாண் இல்லாதபோதும் வில் இரண்டு விரல் அளவுக்கு உள்வாங்கி நிற்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு தடவை நாணேற்றும் முன்பும் முதுகு முழுக்க ஒரு பஞ்சுருண்டையால் தடவுங்கள். எங்காவது பஞ்சு மாட்டினால் அங்கே ஒரு நார் எழும்பியிருக்கிறது, ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு, நூலை நெருக்கமாகச் சுற்றி, ஒரு நாள் காயவிட்டால் அந்த வில் இன்னும் ஓடும். வயிற்றில் குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் தெரிந்தால் அந்த இடம் நசுங்கிவிட்டது, நூல் சுற்றி ஒப்பேற்ற முடியாது. நாணைக் கழற்றி அடுத்த வில்லுக்கு எடுத்து வைத்துக்கொண்டு, பட்டையை வெந்நீர் அடுப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.